ருசி பார்த்த பின்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழ்பவர்க்குத் தயிர் வாங்கும் முறையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. படுவான்கரையிலிருந்து வந்த எருமைத் தயிர்ச் சட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் பெத்தாவிடம், "புளிப்போ?" என்று நாம் கேட்டால், அவர் வாயினாற் பதில் கூறுவதில்லை. ஒரு சட்டியை மூடியிருக்கும் தாளை விலக்கி, கரண்டி நுனியிற் சிறிது எடுத்து, நம் உள்ளங்கையில் வைக்கிறார். நாக்குத் தீர்ப்புக் கூறுகிறது. பிடித்தால் வாங்குகிறோம்; பிடியாவிட்டால் நம் வழியே போகிறோம். இருவருக்கும் மனக்குறை இல்லை.

இந்த நல்ல வழக்கத்தைச் சாட்சிக்கு அழைத்து நம் மாணவர் ஒருவர் நம்மை மடக்கிய கதையைத்தான் இவ்வாரம் சொல்லப் புகுந்தோம்.

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பஸ்ஸில் நமக்குப் பக்கத்து ஆசனத்தில் அவர் வந்து அமர்ந்தார். உயர்தர வகுப்பிலே தொழில்நுட்பம் பயில்பவர், கெட்டிக்காரர். கையிலே ஒரு பென்ட்ரைவை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி அது?"

"நண்பனிடம் ஒரு கேம் எடுத்து வருகிறேன் சேர்."

"விலைக்கா?"

அவர் சிரித்தார். "இல்லை சேர், கிராக் பண்ணினது. விளையாடிப் பார்த்துவிட்டு, நல்லாயிருந்தால் பிறகு வாங்கலாம்."

விலை கொடாதவர் திறக்கவொண்ணாதபடி ஒரு கணனி விளையாட்டுக்குப் போடப்பட்டிருக்கும் பூட்டை உடைத்து, ஊரெங்கும் பரப்பப்படும் பிரதியையே இளைஞர்கள் அச்சொல்லாற் குறிக்கின்றனர். நாம் ஆசிரியரல்லவா? வழக்கம்போல, "அது களவல்லவா தம்பி?" என்றோம்.

"சேர், நீங்கள் தயிரை ருசி பார்க்காமல் வாங்குவீர்களா?"

பஸ் அப்பொழுது கல்லடிப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. நாம் வாவியை நோக்கினோம். அங்குள்ள பாடும் மீன்களும் நமக்கு ஒரு விடையை எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் இறங்கிப் போன பின்பும் அக்கேள்வி நம்முடனேயே பயணஞ் செய்தது. ஒரு கேள்விக்கு உடனே விடை வராவிட்டால், கேட்டவர் பக்கத்தில் ஏதோ நியாயம் இருக்கவேண்டும் என்பது நம் கொள்கை. ஆதலின் முதலில் அந்த நியாயத்தையே ஆராய்வோம்.

பெரிய கொம்பனிகள் வெளியிடும் புது விளையாட்டொன்றின் விலை அமெரிக்காவிலே நெடுங்காலம் 60 டொலராக இருந்தது. இப்போது 70 டொலருக்கும் விற்கிறார்கள். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் நம் நாட்டில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் அது 360 ரூபாவளவுக்கு ஏறிற்று. அதாவது, 12,000 ரூபாவுக்கு வாங்கக்கூடியதாயிருந்த விளையாட்டு, மூன்று மாதத்துக்குள் 21,000 ரூபாவைக் கடந்துவிட்டது. அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற குடும்பத்துப் பிள்ளை இவ்வளவு பணத்தைக் கண்ணாற் காணாத ஒரு பொருளுக்குக் கொடுப்பதெங்ஙனம்? கொடுக்க மனமிருந்தாலும், கடன் அட்டை இல்லாத வீட்டிலிருந்து அப்பணத்தை அனுப்பும் வழி யாது? விளம்பரத்திற் கண்ட அழகு விளையாட்டில் இல்லாதிருந்தால் யாரிடம் முறையிடுவது? விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் வால்வ் கொம்பனியின் தலைவர் கேப் நியூவெல் என்பவரே, களவுப் பிரதி பரவுவதற்குப் பெரும்பாலும் விலை காரணமன்று, வாங்க விரும்புவோர்க்கு ஏற்ற சேவை இல்லாமையே காரணம் என்று 2011 ஆம் ஆண்டிற் கூறினார். ஆகவே நம் மாணவர் வெறும் சாக்குச் சொல்லவில்லை. அவர் சொன்னதிலே உண்மையும் இருந்தது.

ஆயினும் தயிர்ச் சட்டியை அவர் சாட்சிக்கு அழைத்தமையால், அச்சாட்சியை நாமும் சிறிது விசாரிக்க வேண்டும். பெத்தா தரும் ருசியில் மூன்று செய்திகள் உள்ளன. முதலாவது, அவர் தருகிறார், நாமாக எடுப்பதில்லை. அவர் அப்பாற் சென்றிருக்கும் வேளையில் தாளை விலக்கிக் கையை விட்டவனை ருசி பார்த்தவன் என்று ஊரார் சொல்லமாட்டார். இரண்டாவது, அது கரண்டி நுனியளவு. சட்டி முழுவதையும் உண்டுவிட்டு, "பரவாயில்லை, ஆனால் வாங்குமளவுக்கு இல்லை" என்று கையைக் கழுவிக்கொண்டு போக முடியாது. மூன்றாவது, ருசி பார்த்தலுக்கு ஒரு முடிவு உண்டு. அவ்விடத்திலேயே, பெத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, வாங்குகிறேன் என்றோ வேண்டாம் என்றோ சொல்லியாக வேண்டும். பூட்டுடைத்த பிரதியில் இம்மூன்றும் இல்லை. ஆக்கியவர் தரவில்லை, கிடைப்பது முழுச் சட்டி, தீர்ப்புச் சொல்ல வேண்டிய நாளும் இல்லை.

அப்படியாயின் விளையாட்டை ஆக்குவோர் கரண்டி நுனியிற் கொடுப்பதே இல்லையா? கொடுத்திருக்கிறார்கள். 1993 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அமெரிக்காவின் ஐடி சொப்ட்வெயார் கொம்பனி 'டூம்' என்ற விளையாட்டை வெளியிட்டபோது, அதன் மூன்று பகுதிகளுள் முதலாவதை இலவசமாகவே விட்டது. யாரும் பிரதி செய்யலாம், நண்பர்க்கும் கொடுக்கலாம். மற்றைய இரு பகுதிகளும் வேண்டுமாயின் விலை கொடுக்க வேண்டும். அந்த முதற் பகுதி உலகெங்கும் கைமாறிப் பரவியது. அதனாலேயே அவ்விளையாட்டுப் பெரும் புகழடைந்தது. இன்றைக்கும் பல விளையாட்டுகளுக்கு 'டெமோ' எனப்படும் மாதிரிப் பகுதி இலவசமாகக் கிடைக்கின்றது. வால்வ் கொம்பனியின் 'ஸ்டீம்' என்ற இணையக் கடை 2015 ஆம் ஆண்டு முதல் வேறொரு வழியையும் திறந்தது: வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாகவே விளையாடியிருந்தால், பிடிக்கவில்லை என்று சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆண்டிற் பலமுறை விலைக்குறைப்பும் உண்டு. சில மாதம் பொறுத்தவர்க்குப் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைப்பது சாதாரணம். பெத்தா கரண்டியை நீட்டும்போது சட்டிக்குள் கை விடுவானேன்?

இனி, நம் மாணவரின் தோழர்கள் வேறொரு வாதத்தை எடுப்பார்கள். "தயிரை உண்டால் சட்டி குறையும். பிரதி எடுத்தால் மூலப்பொருளில் ஓர் அணுவும் குறைவதில்லையே, யாருக்கு நட்டம்?" என்பார்கள். இதுவும் எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. ஐரோப்பிய ஆணையம் 'எக்கோரிஸ்' என்ற ஆய்வு நிறுவனத்தைக் கொண்டு நடத்தி, 2017 ஆம் ஆண்டிலே வெளித்தெரிய வந்த ஆய்வொன்று, களவுப் பிரதிகளால் விற்பனை குறைகிறதென்பதற்குப் பொதுவாக உறுதியான புள்ளிவிபரச் சான்று கிடைக்கவில்லை என்றே கூறிற்று. புதுத் திரைப்படங்களுக்கு நட்டம் உண்டென்றும், விளையாட்டுகளைப் பொறுத்தவரை விற்பனை சற்றுக் கூடவும் இடமுண்டென்றும் அதன் கணக்குக் காட்டியது. ஆனால் அக்கணக்கிற் பிழை வரக்கூடிய எல்லை மிகப் பெரிது. உண்மையை மறைத்து அறம் போதிப்பது நமக்கு உடன்பாடன்று. ஆகவே இதனையும் இங்கே சொல்லி வைத்தோம்.

எனினும் கல்முனை பஸ்ஸையே எண்ணிப் பாருங்கள். ஆசனம் வெறுமையாகத்தான் இருக்கிறது. நாம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் பஸ் போகத்தான் போகிறது. டிக்கற் எடாமல் ஒருவர் அமர்ந்து போனால் எரிபொருள் ஒரு துளியும் மிகுதியாகச் செலவாவதில்லை. அதற்காக அது நியாயமாகிவிடுமா? அப்படிப் போகும் ஒருவரை மற்றப் பயணிகளின் பணம் ஏற்றிச் செல்கிறது. எல்லாரும் அவ்வாறே செய்வாராயின், மறுமாதம் அப்பாதையில் பஸ் ஓடாது.

இதனை விளங்க வைத்த ஒரு வேடிக்கை உண்மையிலேயே நடந்தது. பற்றிக் குளுக், டானியல் குளுக் என்ற சகோதரர் இருவர் 'கிரீன்ஹார்ட் கேம்ஸ்' என்ற சிறு நிறுவனத்தை அமைத்து, 2013 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 'கேம் டெவ் டைக்கூன்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். விளையாடுபவரே ஒரு விளையாட்டுக் கொம்பனியை நடத்தி, பொருள் ஈட்டி, அதனை வளர்க்க வேண்டும் என்பது அதன் அமைப்பு. விலை ஏறத்தாழ 8 டொலர். வெளியிட்ட அன்றே, களவுப் பிரதி போன்ற ஒன்றைத் தாமே ஆயத்தஞ் செய்து, களவுப் பிரதிகள் பரவும் வழியிலேயே அவர்கள் பரப்பினர். அந்தப் பிரதியில் ஒரு சூழ்ச்சி இருந்தது. சில மணித்தியாலம் விளையாடியதும், "உமது விளையாட்டுகளை மக்கள் விலை கொடாமல் எடுத்துச் செல்கிறார்கள்" என்ற செய்தி தோன்றும். அதன்பின் எவ்வளவு சிறந்த விளையாட்டை ஆக்கினாலும் வருமானம் வாராது. ஈற்றில் கொம்பனி முறிந்துபோகும். முதல் நாட்கணக்கை அச்சகோதரர் வெளியிட்டனர். விளையாடியவர் 3,318 பேர். அவர்களுள் விலை கொடுத்தவர் 214 பேர். களவுப் பிரதியில் விளையாடியவர் 3,104 பேர். அதனினும் வியப்பு யாதெனில், அந்த 3,104 பேருட் சிலர், தம் கொம்பனியைக் களவுப் பிரதிகள் கெடுக்கின்றனவே, இதைத் தடுக்க வழியில்லையா என்று முறையிட்டமையே! பிறர் பொருளை எடுத்தபோது தோன்றாத நியாயம், தம் பொருள், அதுவும் கற்பனைப் பொருள், போனபோது தோன்றிவிட்டது.

"அவர்கள் வெளிநாட்டுச் செல்வர், ஏழை நாட்டுப் பிள்ளையின் சில ரூபா அவர்களுக்கு எம்மாத்திரம்?" என்பது கடைசி வாதம். பெருங் கொம்பனிகளுக்கு இது பொருந்தலாம். ஆனால் பென்ட்ரைவுக்குள் ஏறும் விளையாட்டுகள் எல்லாம் பெருங் கொம்பனிகளுடையன அல்ல. 2016 ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்த 'ஸ்டார்டியூ வெலி' நம் படுவான்கரைப் பிள்ளைகளுக்கும் பிடிக்கக்கூடியது. பாட்டனார் விட்டுச் சென்ற தரிசு நிலத்தைத் திருத்தி, பயிரிட்டு, மீன் பிடித்து, அயலவரோடு கூடி வாழும் கதை அது. அதன் செயல்நிரல், சித்திரம், இசை, உரையாடல் அனைத்தையும் எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நாலரை ஆண்டளவு உழைத்து ஆக்கினார். அக்காலத்தில் ஓர் அரங்கிலே வருவோர்க்கு ஆசனம் காட்டும் பகுதிநேர வேலையும் பார்த்தார். அவர் பின்பு பெருஞ் செல்வரானார் என்பது உண்மைதான். ஆனால் விலை கொடுத்து வாங்கியவர்கள் இருந்தமையாற்றான் ஆனார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்க்கு ஒரு சொல். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒருவரின் பதிப்புரிமையை வேண்டுமென்றே மீறியவர்க்கு நீதவான் ஆறு மாதம் வரை சிறையோ, 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். மாணவரைச் சிறைக்கதவு காட்டி அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. பொலிசாருக்குப் பயந்து கையை எடுப்பவன், அவர் போனதும் மீண்டும் நீட்டுவான். திருவள்ளுவரோ, பிறர் பொருளை வஞ்சனையாற் கொள்ள மனத்தால் எண்ணுவதையே 'கள்ளாமை' அதிகாரத்தில் தீதென்று வைத்தார். பார்ப்பவர் எவருமில்லாத அறையில், கணனியின் முன் தனித்திருக்கும் பிள்ளைக்கு அந்த அளவுகோலே உதவும்.

இவ்வளவும் எழுதிய நாம், ஒன்றைச் சொல்லாது விட்டால் இப்பத்தி பொய்யாகிவிடும்.

22 ஆண்டுகளின் முன், நாம் பல்கலைக்கழகத்தில் படித்த காலம். படுவான்கரைக் கிராமங்களில் வழங்கிய நாட்டார் பாடல்களை ஊரூராய்த் திரிந்து தொகுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அவற்றைச் சொந்தச் செலவில் நூலாக அச்சிட்டு, சைக்கிளில் வைத்து விற்றார். விலை 150 ரூபா. நண்பர் ஒருவர் வாங்கிய பிரதியை நாம் இரவல் பெற்று, 90 ரூபாவுக்கு முழுவதையும் போட்டோப் பிரதி எடுத்தோம். "படித்துப் பார்ப்போம், நன்றாயிருந்தால் பிறகு வாங்குவோம்" என்றே நாமும் சொல்லிக்கொண்டோம். நூல் மிக நன்றாயிருந்தது. சில மாதத்தின் பின் தெருவில் அப்பெரியவரைக் கண்டு, "ஐயா, உங்கள் நூலை வாசித்தேன், அருமையானது" என்றோம். அவர் முகம் மலர்ந்தது. "வாங்கினீரா தம்பி? நல்லது, நல்லது" என்றார். நாம் மறுக்கவில்லை. அந்தப் 'பிறகு' வரவேயில்லை. சில ஆண்டுகளில் அவர் காலமாகிவிட்டார்.

பஸ்ஸில் மாணவரை "களவல்லவா?" என்று கேட்ட வாய், வீட்டுக்கு வந்ததும் அலுமாரியில் இருந்த அந்தப் போட்டோப் பிரதியைக் கண்டு மூடிக்கொண்டது. மறுவாரம் அப்பெரியவரின் வீட்டைத் தேடிச் சென்றோம். அவர் மனைவியார் இருந்தார். நூல் ஒன்று வேண்டும் என்றதும், உள்ளேயிருந்து ஒரு பெட்டியை இழுத்து வந்தார். விற்காத பிரதிகள் கட்டுக்கட்டாக இருந்தன. பாதியைக் கறையான் தின்றிருந்தது. அவற்றின் அடியில் இரண்டு அப்பியாசக் கொப்பிகள். "இது இரண்டாம் பாகம். முதலாம் பாகத்துக் காசு வந்தால் அச்சடிக்கலாம் என்று வைத்திருந்தார்" என்றார் அவ்வம்மையார். நாம் நீட்டிய தாள்களில் 150 ரூபாவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். "புத்தகத்தில் போட்டிருக்கிற விலை அதுதானே தம்பி."

நாம் அன்று கொடாத 150 ரூபாவினால் இரண்டாம் பாகம் நின்றுபோயிற்று என்று சொல்லமாட்டோம். ஆனால் நம்மைப்போல் எத்தனை பேர் 'பிறகு' என்றார்களோ? அந்தப் பாடல்களைப் பாடிய முதியோருட் பலர் இன்றில்லை.

ஆகவே பெற்றோர்க்கு நாம் சொல்வது இது. பிள்ளையைக் கள்வன் என்று ஏசாதீர்கள். வீட்டுக் கணனியில் உள்ள மென்பொருள்களையும், கைத்தொலைபேசியில் நாம் பார்த்த புதுப் படத்தையும் முதலில் நினைத்துக்கொண்டு, பிள்ளையோடு அமர்ந்து பேசுங்கள். பூட்டுடைத்த பிரதிகளோடு கணனியைக் கெடுக்கும் தீய நிரல்களும் வருவதுண்டு என்பதையும் சொல்லுங்கள். மாணவர்க்கு நாம் சொல்வது: ஆக்கியவர் கொடுத்த மாதிரியைப் பாருங்கள், கொடாவிட்டால் விலை குறையும் வரை பொறுங்கள், பொறுக்கும் காலத்துக்கு, ஆக்கியவர்களே இலவசமாக விட்ட விளையாட்டுகள் எத்தனையோ உள. முன்பே எடுத்து விளையாடியிருப்பின், 'பிறகு' என்று சொன்ன வாக்கு ஒரு கடன் என்று கொள்ளுங்கள். கடனுக்கு நாள் குறிக்காவிட்டால் அது தீர்வதில்லை.

நம் மாணவரை மீண்டும் கண்டபோது இக்கதையைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "சேர், நான் அந்தக் கேமைப் பதினொரு மணித்தியாலம் விளையாடிவிட்டேன்" என்றார்.

"அது ருசியா தம்பி, சாப்பாடா?"

"சட்டியே காலி சேர்" என்று நாணத்தோடு சிரித்தார். அடுத்த விலைக்குறைப்பு நாளைக் கைத்தொலைபேசியிற் குறித்து வைத்திருப்பதாகவும், அண்ணனின் அட்டை மூலம் வாங்கப் போவதாகவும் சொன்னார். சொன்னவர் போகாமல் நின்றார். "சேர், அந்த இரண்டு கொப்பியையும் நாங்கள் தட்டச்சுச் செய்தால் என்ன? எல்லாரும் வாசிக்க இணையத்திலும் போட்டுவிடலாமே."

2005 ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் என்ற இணைய நூற்சேகரம், ஈழத்து எழுத்தாளரிடமும் உரிமையாளரிடமும் அனுமதி கேட்டுப் பெற்று நூல்களை வெளியிட்டு வருவது நமக்கு நினைவுக்கு வந்தது.

"நல்ல யோசனை தம்பி. ஆனால் முதலில் அந்த அம்மையாரைக் கேட்போம்" என்றோம்.

வருகிற சனிக்கிழமை இருவருமாகப் போகிறோம்.